தேவன் செய்த சின்னச் சுரங்கம்

புக்கிட் பெலிம்பிங் தோட்டத்துத் தேவன் மலேசியாவின் ரவாங்கில் காற்றை ஓட்டிக்கொண்டிருந்தான். கேட்பவர்கள் சிரிப்பார்கள், ஆனால் வேலை அதுதான். கூரைத் தகரம் புயலைத் தாங்குமா என்று சோதித்துச் சொல்லும் கம்பெனி அது. லோரி நுழையும் அகலத்தில் ஒரு காற்றுச் சுரங்கம், அதன் கோடியில் ராட்சத விசிறி. விசிறி கிழடாகிவிட்டது. மூலைகளில் காற்று சுழன்று அளவுகளைக் கெடுத்தது. புதுப்பிப்பதா, மூடுவதா என்று முதலாளி உமாபதி இழுத்தடித்தார். மூடினால் ஐம்பது வயதுத் தேவனை எவன் சேர்த்துக்கொள்வான்?

வேறு வழியில்லாமல் அவனே இறங்கினான். சுரங்கத்தைப் பத்தில் ஒரு பங்காகச் சுருக்கிப் பலகையில் மாதிரி செய்தான். மூலைகளில் வளைந்த தகடுகளை மாற்றி மாற்றி வைத்தான். காற்றை நேராக்க, சிராப் பானம் உறிஞ்சிக் குடிக்கும் குழாய்களைத் தேன்கூடு போல அடுக்கினான். ஒருநாள் உள்ளே விட்ட புகை வளைவில் கலையாமல் ஓடியது. பெரியதில் எதை எங்கே மாற்றுவது என்று தெரிந்துவிட்டது. தேவனுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

உமாபதி பங்குதாரர்களோடு வந்து பார்த்தார்.

"நல்லாருக்குலா தேவா. கூரைத் தகரத்த இதுலயே டெஸ்ட் பண்ணலாமா?"

"போலே, போஸ்!"

முதலாளி கேட்டால் மலாயில் 'போலே', முடியும் என்றுதான் சொல்ல வேண்டும். தோட்டத்தில் அவன் அப்பன் வேலை வாங்கும் மண்டோரிடம் சொன்னதும் அதே 'போலே'தான். தகரத்தின்மேல் காற்று போகும் வழியைக் காட்டலாம் என்ற நினைப்பில்தான் தேவன் சொன்னான். தகரத்தைச் சுருக்கலாம், அதன் ஆணி எப்போது பிடுங்கிக்கொள்ளும் என்பதைச் சுருக்கிப் பார்க்க முடியாது.

"அப்பறம் பெருசு எதுக்கு?" என்றார் உமாபதி. பங்குதாரர்கள் தலையாட்டினார்கள்.

மறுநாள் தேவன் அவர் அறைக்குப் போய் நின்றான். "போஸ், நான் சொன்னது காத்து எப்படிப் போவுதுன்னு பாக்கறதுக்கு. தகரம் பிச்சுக்கிட்டுப் போவுமான்னு பாக்க, பெருசுதான் வேணும்."

"நேத்து எல்லார் முன்னாலயும் போலேன்ன. இன்னிக்கு வேல போயிரும்னு பயந்து பேசறியா?"

பயந்துதான் பேசினான். அதற்காக அவன் சொன்னது பொய்யாகிவிடுமா? வெளியே வந்தான்.

பெரிய சுரங்கம் பழைய இரும்புக் கடைக்குப் போனது. சின்னதைக் கணினியில் ஓட்ட நூருல் என்ற பெண் வந்தாள். தேவனுக்கு மீ கோரெங் நூடுல்ஸ் விருந்து வைத்து வேலையிலிருந்து வழியனுப்பினார்கள். "இந்த ஐடியா நம்ப தேவனோடது!" என்று உமாபதி மைக்கில் சொல்ல, எல்லோரும் கைதட்டினார்கள். மரியாதைக்கு அவனும் தட்டினான்.

வீட்டில் மனைவி லெட்சுமி சோறு போட்டுவிட்டுக் கேட்டாள்: "என்னாங்க சொன்னாங்க?"

"ரொம்பக் கெட்டிக்காரன்னு சொன்னாங்க."