நான் ஓட்டாத கார்

பொலிஸாரிடம் நான் பொய் சொன்னேன். நாவுல ஊருக்குப் பக்கத்தில் மதகில் மோதிய அந்தக் காரை ஓட்டியது நானில்லை. என் மனைவி வசந்தி.

சொல்லிவிட்டேன். இனி நீங்கள் முகம் சுளிக்கலாம். அதற்காக நான் தலைகுனியப் போவதில்லை.

மாத்தளை நகரில் எங்களுக்கு ஒரு சாப்பாட்டுக் கடை உண்டு. தம்புள்ளைச் சந்தைக்குப் போய் மரக்கறி ஏற்றிவர ஒரு பழைய வேன். அது பழுதாகிக் கராஜில் கிடந்தபோது, வேலை முடியும்வரை வைத்துக்கொள்ளும்படி கராஜ் முதலாளி பாரூக் ஒரு காரைக் கொடுத்தார்.

சாவியை நீட்டுமுன் கேட்டார்: "அண்ணே, நீங்க மட்டுந்தானே ஓட்டுவீங்க? வேற யாரும் ஓட்டுறதா இருந்தா இப்பவே சொல்லுங்க. பேர் குடுக்காத ஆள் ஓட்டி ஏதும் நடந்தா, இன்சூரன்ஸ்காரங்க கைய விரிச்சிருவாங்க."

"நான் மட்டுந்தான்," என்றேன்.

வசந்தி என் அருகில்தான் நின்றாள். அவளுடைய கைப்பையில் சாரதி அனுமதிப்பத்திரம் இருந்தது. எல்கடுவத் தோட்டத்தில் லொறி ஓட்டிய அப்பாவிடம், அந்த மலை வளைவுகளிலேயே பழகியவள். என்னைவிட நன்றாக ஓட்டுவாள். அது எனக்குத் தெரியும்... தெரிந்ததால்தான் சொல்லவில்லையோ? இன்னோர் ஆணின் முன்னால் 'இவளும் ஓட்டுவாள்' என்ற அந்த ஒரு வார்த்தை ஏன் என் வாயில் வரவில்லை?

மறுநாள் தம்புள்ளையில் மூட்டைகளை ஏற்றும்போதே எனக்குக் காய்ச்சல் தொடங்கிவிட்டது. திரும்பும் வழியில் உடல் நடுங்கியது. கண்கள் சொருகின.

"ஓரமா நிறுத்துங்க. நான் ஓட்டுறேன்," என்றாள் வசந்தி.

"ஒன் பேரு குடுக்கலியே..."

"அத அன்னைக்கே யோசிச்சிருக்கணும். இப்ப எறங்குங்க."

இறங்கி இடம் மாறினேன்.

நாவுலயைத் தாண்டியதும், வயல்பாதையிலிருந்து ஒருவர் சைக்கிளோடு சட்டென்று வீதியில் ஏறினார். எதிரே லொறி. வசந்தி பதறவில்லை. சைக்கிள்காரருக்குப் பின்புறமாக, வீதியோரத்துக்குக் காரை ஒடித்துத் திருப்பினாள். சைக்கிளின் பின்சில்லைத் தட்டிவிட்டுக் கார் மதகில் இடித்து நின்றது. விழுந்தவருக்குக் கால் முறிந்தது, உயிர் தப்பியது. நான் ஓட்டியிருந்தால் அந்த மனிதர் செத்திருப்பார். இதை எந்த மேடையிலும் சொல்வேன்... சொல்வேனா?

காயப்பட்டவரை ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டுப் பொலிஸாருக்காக நின்றோம். அப்போதுதான் வசந்தியிடம் சொன்னேன்: "நான் ஓட்டுனதா சொல்றேன். நீ பேசாம இரு."

"நான் என்னங்க தப்பு செஞ்சேன்?"

"ஒண்ணும் செய்யல. ஆனா நீ ஓட்டுனேன்னு தெரிஞ்சா இன்சூரன்ஸ் கெடைக்காது. அந்த மனுசனுக்கும் ஒண்ணும் கெடைக்காது."

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பொலிஸ்காரர் யார் ஓட்டியது என்று சிங்களத்தில் கேட்டார். "மம," என்றேன். நான். அவ்வளவுதான். ஒரே சொல்.

காப்புறுதிப் பணம் கிடைத்தது. கார் சீரானது. குணதாச என்ற அந்த விவசாயிக்கும் நட்டஈடு கிடைத்தது. உண்மையைச் சொல்லியிருந்தால்? பாரூக்கின் கார் நொறுங்கிக் கிடந்திருக்கும். எல்லாச் செலவும் எங்கள் தலையில் விழுந்து கடை மூடியிருக்கும். என்னைக் குற்றவாளி என்கிறீர்களா? சொல்லிக்கொள்ளுங்கள். நாளைக்கே அந்தப் பொலிஸ்காரர் மறுபடி கேட்டாலும் அதையே சொல்வேன்!

ஆனால்... எங்கள் வேனை எடுக்கப் போன அன்று, எனக்கு முன்பே வசந்தி ஏறிச் சாரதி இருக்கையில் உட்கார்ந்தாள். பாரூக் வியந்தார்.

"அக்காவும் ஓட்டுவாங்களா? சொல்லியிருந்தா அவங்க பேரையும் போட்டிருப்பேனே. ஒரு போன் கோல் போதுமே அண்ணே."

வசந்தி என்னைப் பார்க்கவில்லை. வேனைப் பின்னுக்கு எடுத்து, ஒரே வெட்டில் திருப்பி வீதிக்கு ஏற்றினாள்.

அன்று தெரிந்தது: அந்தப் பொய்யே தேவைப்பட்டிருக்காது. பொலிஸாரிடம் சொன்ன பொய்க்கு என்னிடம் பதில் இருக்கிறது. கராஜில் சொன்ன "நான் மட்டுந்தான்" என்பதற்கு என்ன பதில் சொல்வேன்?

கால் தேறியபின் குணதாச தன் மனைவியோடு கடைக்கு வந்தார், ஒரு பை கத்தரிக்காயுடன். என் இரு கைகளையும் பிடித்துக்கொண்டு 'மாத்தயா' என்று மரியாதையாக அழைத்துச் சிங்களத்தில் சொன்னார்: "நீங்க அந்த நேரம் திருப்பாம இருந்தா, நான் இன்னைக்கு இல்ல." வசந்தி அவர்களுக்குத் தேநீர் கொண்டுவந்து வைத்தாள். நான்... சிரித்தேன். "பரவாயில்ல" என்றேன்.

அவர்கள் போனபின் வசந்தி சொன்னாள்: "நீங்க பொய் சொன்னத நான் விட்டுர்றேன். அவரக் காப்பாத்துன பேர வாங்கிக்கிட்டீங்களே, அத என்னால விட முடியாது."

"உண்மையச் சொன்னா கேஸ் வரும், வசந்தி."

"பொலிஸ்ல சொல்லச் சொல்லல. அவருகிட்ட சொல்லுங்க."

சொல்லவில்லை. அவர் வாய்தவறி எங்காவது சொல்லிவிட்டால் என்று பயப்படுவதாக அவளிடம் சொன்னேன். அவள் நம்பவில்லை. நீங்களும் நம்ப வேண்டாம்.

குணதாச இப்போதும் நகருக்கு வந்தால் கடைக்குள் எட்டிப் பார்ப்பார். வசந்தி உள்ளே போய்விடுவாள். நான் எழுந்து கை நீட்டுகிறேன்.