பதினோரு வலது கால்கள்

ஜம்புநாதனின் வலது கால் தானாகத் தரையை அமுக்குவதை முதலில் கவனித்தவள் அவர் மனைவி காமாக்ஷிதான். மோதி பாக் குவார்ட்டர்ஸ், எழுபத்தொன்பது ஜனவரி, பனி மூடிய ஒரு காலை. அவர் நாற்காலியில் உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தார்.

"ஏன்னா, காலை எதுக்கு அப்படி அமுக்கிண்டிருக்கேள்? பத்து நாளா பாக்கறேன்."

குனிந்து பார்த்தார். கால் விரல்கள் வெளுக்கும்படி தரையை அமுக்கிக்கொண்டிருந்தன. காலை எடுத்தார். பேப்பரைப் பிரித்ததும் அது மறுபடி போய் அமுக்கியது. அவருக்குப் பயமாக இருந்தது.

விமான ஓட்டிகளுக்கான ஒரு பயிற்சி மையத்தில் அவர் மெக்கானிக். பதினேழு வருஷ சர்வீஸ். அவர் பொறுப்பில் இருந்த சிமுலேட்டர், பறக்காத விமானம். கூண்டுக்குள் உட்கார்ந்து இடது மிதியை அழுத்தினால் சுக்கான் முள் இடப்புறம் போகும், வலதை அழுத்தினால் வலப்புறம். நடுவில் நின்றால் நேரே பறப்பதாக அர்த்தம். கோளாறு என்றால் மாணவன் ரிஜிஸ்டரில் எழுதுவான்; ஜம்பு சோதித்துக் கையெழுத்துப் போடுவார். அந்தக் கையெழுத்துக்கு மேல் அங்கே அப்பீல் கிடையாது.

ஹர்பிந்தர் என்ற மாணவன் மூன்று முறை எழுதினான்: இடது பக்கம் தானாக இழுக்கிறது. மூன்று முறையும் ஜம்பு ஓட்டிப் பார்த்தார். முள் நூல் பிடித்த மாதிரி நடுவில் நின்றது. 'கோளாறு இல்லை' என்று எழுதினார். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று ஆபீசில் சிரிக்க வேறு செய்தார். டிசம்பர் பரீட்சையில் தோற்று, பையன் லூதியானாவுக்குத் திரும்பிப் போனான். மற்ற பதினோரு பேரும் தேறி வேலைக்கே போய்விட்டார்கள்.

அன்று பஸ்ஸிலும் கால் சும்மா இருக்கவில்லை. பக்கத்து ஆள், "பாயி சாப், மேரா பைர்" என்று மிதிபட்ட தன் காலை உருவிக்கொண்டார்.

மையத்தில் இன்னும் யாரும் வரவில்லை. ஜம்பு கூண்டுக்குள் ஏறிக் கதவைச் சாத்தினார். இருக்கை மேலேயே சப்பணம் போட்டு உட்கார்ந்து சுவிட்சைப் போட்டார். மிதியில் கால் இல்லை. முள் மெதுவாக, வெகு பொறுமையாக, இடப்புறம் நகர்ந்தது. அந்தக் குளிரிலும் அவருக்கு வேர்த்தது.

மிதிக்கு அடியிலிருந்த தகட்டைக் கழற்றினார். பையன் மூன்று முறை எழுதியும் அதைக் கழற்ற அவருக்குத் தோன்றவே இல்லை. ஆயுத பூஜைக்குத் தன் கையாலேயே துடைத்து மூடிய இடம். மற்றவர்கள் கூண்டுக்கு வெளியே பொட்டு வைத்தார்கள். இவர் பக்தி அதோடு நிற்குமா? மிதியின் அசைவை மின்சாரமாக மாற்றும் டப்பி மேலேயே விபூதிப் பட்டையும் சந்தனமும் சார்த்தியிருந்தார். அவை காய்ந்து உதிர்ந்து டப்பிக்குள் இறங்கியிருந்தன.

ஊதித் துடைத்தார். முள் நடுவுக்கு வந்தது. அப்பாடா என்று கால்களை இறக்கி மிதிகளில் வைத்தார். முள் வலப்புறம் சாய்ந்தது.

அப்போதுதான் உறைத்தது. இழுப்பு ஏற ஏற, எல்லார் வலது காலும் தெரியாமலே ஈடுகொடுத்துப் பழகிவிட்டது. அவர் காலும்தான். பழகாத கால் ஒன்றே ஒன்று. அதைத்தான் ஊருக்கு அனுப்பிவிட்டார்.

எழுதினால் வேலை போகும். தகட்டை மூடினால் யாருக்கும் தெரியாது. ஆனால் பதினோரு பேர் அந்தக் காலோடு நிஜ விமானம் ஓட்டுகிறார்கள். ரிஜிஸ்டரைத் திறந்து எழுதினார்: "ஆயுத பூஜை முதல் இடப்புறம் இழுத்தது. தவறு என்னுடையது. ஹர்பிந்தர் எழுதியது உண்மை."

மேலதிகாரி வேதாந்தம் படித்துவிட்டு, "இதை எழுதித்தான் ஆகணுமா, ஜம்பு?" என்றார்.

"எழுதியாச்சு சார்."

தேறிப் போன பதினோரு பேருக்கும் ஆள் போயிற்று. இரண்டு நாளில் பத்துப் பேர் வந்தார்கள். ஒவ்வொருவராக உட்கார வைத்து, நேரே ஓட்டு என்றார் ஜம்பு. பத்து முறையும் முள் வலப்புறம் சாய்ந்தது, ஒரே அளவு. தன் கால் அமுக்குகிறது என்று ஒருவனுக்கும் தெரியவில்லை.

"பதினோராவது ஆள் எங்கே சார்?"

"லீவுல இருந்தான். தகவல் போறதுக்குள்ள இன்னிக்குக் காலைல ஏறிட்டான். ஜெய்ப்பூர் போயிட்டு வரான். இறங்கற நேரம்தான்."

ஜம்பு வெளியே ஓடினார். பனிக்குள் எங்கேயோ விமானச் சத்தம் கேட்டது. எந்தப் பக்கம் என்று தெரியவில்லை. அவர் வலது கால் மண்ணை அமுக்கத் தொடங்கியிருந்தது. அதை வெடுக்கென்று தூக்கிக்கொண்டு, மேலே இருப்பவனுக்கு எட்டிவிடும் என்பது போல, ஒற்றை இடது காலால் பலங்கொண்ட மட்டும் மண்ணை அமுக்கினார்.