கெய்சருக்குப் போட்ட முடிச்சு

கெய்சரின் மூச்சுக்குழாயைப் பட்டு நூலால் இறுக்கிக் கட்டியவன் நான்தான். கட்டி முடித்ததும் சற்றுத் தள்ளி நின்று ரசித்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

குளியலறையில் தண்ணீர் மெதுவாக வருகிறதே என்று பிரஷர் மோட்டார் வைத்திருந்தேன். மறுநாளே கெய்சரின் அடியில் தொங்கிய சின்ன ரப்பர் குழாய் சொட்ட ஆரம்பித்தது. அழுத்தம் மிஞ்சினால் தண்ணீரை வெளியே விடுகிற வழி அது என்று எனக்குத் தெரியாது. அந்தத் தண்ணீர் வாசற்படியைத் தாண்டி நேரே தறிக்குழிக்குள் இறங்குவது மட்டும் தெரிந்தது. குழியில் கால் வைத்து மனைவி நெய்துகொண்டிருந்தாள். முகூர்த்தச் சேலை. இன்னும் ஒரு முழம் பாக்கி. சாயங்காலம் அதை வாங்கிப்போகப் பெண் வீட்டார் வருகிறார்கள்.

"காலு நனையுதுபா. பாவுல ஈரம் பட்டா சேல போச்சு."

தறியில் நீளவாக்கில் ஓடும் பாவு நூலில் அறுந்த இழைக்கு நான் போடும் முடிச்சு இதுவரை அவிழ்ந்ததில்லை. குழாயை மடக்கி அதே முடிச்சைப் போட்டேன். சொட்டு நின்றது. குளிக்கலாமென்று கெய்சர் சுவிட்சைப் போட்டேன்.

கால் மணி நேரத்தில் கெய்சர் முனகியது. பிறகு உள்ளே யாரோ சுத்தியலால் தட்டுவதுபோல் டொக், டொக். முடிச்சுக்கு மேலே குழாய் வாழைக்காயாக உப்பியிருந்தது. பிளம்பருக்குப் போன் போட்டு, குழாயில் ஒரு முடிச்சு இருப்பதை மட்டும் சொன்னேன்.

"அண்ணே, சுவிட்ச அணைங்க, மோட்டார அணைங்க, வெளிய வந்துடுங்க. முடிச்சுல கைய வெச்சீங்கன்னா மூஞ்சி வெந்துடும்."

இரண்டையும் அணைத்துவிட்டு மனைவியைக் கூப்பிட்டேன். அவள் எழவில்லை. கெய்சருக்கும் தறிக்கும் நடுவே ஒற்றைச் செங்கல் சுவர்.

"பாவ மூடாம வர மாட்டேன். தார்ப்பாய எடு."

ஆளுக்கொரு முனையாகப் பிடித்தோம். சுவருக்கு அப்பால் ஒரு டொக். மூடிவிட்டுத்தான் தெருவுக்கு வந்தாள்.

பிளம்பர் வந்து, ஒதுங்கி நின்று, சுடுதண்ணீர்க் குழாயைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்தார். ஆவி சீறி, பிறகு அடங்கியது. ஆறியதும் முடிச்சை அவிழ்க்கப் பார்த்தார், முடியவில்லை. பிளேடால் அறுத்தார்.

"எவன்ணே இத்த கட்டினது?"

நான் தெருவில் போன ஆட்டைப் பார்த்தேன்.

மோட்டாரின் அழுத்தத்தை மட்டுப்படுத்த ஒரு வால்வு போட வேண்டுமாம்; அதுவரை மோட்டாரைத் தொடக்கூடாதாம். தார்ப்பாயை விலக்கினோம். பாவில் ஒரு சொட்டு இல்லை. ஆனால் இரண்டு மணி நேரம் போயிருந்தது. மனைவி குழிக்குள் காலை இறக்கினாள்.

"இழ எதனா அறுந்தா சொல்லு, நான் முடிச்சு போட்டுத் தரேன்" என்றேன்.

"நீ கையக் கட்டிக்கினு உக்காரு."