மிச்சம் நாளைக்கு

இறந்துபோன அம்மாவின் லாக்கரைக் காலி செய்து சாவியை ஒப்படைக்கத்தான் மகள் அந்த ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்துக்குப் போனாள். ஒரு துண்டு, ஒரு சீப்பு, ஒரு ஜோடி செருப்பு. எடுத்துப் பையில் போட்டுத் திரும்பும்போது ஒருத்தி வந்து கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நீதானே வாயாடியோட பொண்ணு?"

ஆள் மாறிவிட்டது என்று சொல்ல வாயெடுத்தாள் மகள். அம்மா வீட்டில் பேசிய வார்த்தைகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். வேலை முடிந்து வந்ததும் காலை நீட்டி உட்கார்ந்துகொள்வாள். மகள்தான் தன் நாளைக் கொட்டுவாள்: எந்தத் தொழிற்சாலையில் எந்த மோட்டார் எவ்வளவு அதிர்ந்தது, எந்த மேனேஜர் அதிர்வை அளக்கும் அவள் கருவியை நம்ப மறுத்தார். எல்லாவற்றுக்கும் அம்மாவிடமிருந்து வருவது ஒரு "ம்". இதற்குச் சுவரோடு பேசுவது மேல் என்று முணுமுணுத்தபடி மகள் பல நாள் தட்டைக் கழுவப் போயிருக்கிறாள்.

இங்கே வாயாடியாம்.

கையைப் பிடித்தவளை எல்லோரும் மைனா என்று கூப்பிட்டார்கள். அம்மாவுக்கு மடிப்பு ஜோடி. படுக்கை விரிப்பை மடிக்க இரண்டு பேர் வேண்டும். ஆளுக்கு இரண்டு முனை, ஓர் உதறல், ஒரு மடிப்பு. பிறகு எதிரெதிரே நடந்து வந்து முனையோடு முனை சேர்க்க வேண்டும். நாள் முழுக்க இதேதான். குவிந்து கிடக்கிற துணியைப் பார்த்தாலே கை ஓய்ந்துவிடும் என்றும், அம்மா வாயைத் திறந்த பிறகுதான் குவியல் இறங்கத் தொடங்கும் என்றும் மைனா சொன்னாள். இஸ்திரி மெஷின்காரி சிரித்துச் சிரித்துப் புரையேறி நின்றதை இன்னொருத்தி சொன்னாள். சூப்பர்வைசர்கூட ஏதோ வேலை இருப்பதுபோல வந்து நின்று கேட்பாராம்.

மகளுக்கு வயிறு எரிந்தது. செத்துப்போனவளின் செருப்பைப் பையில் வைத்துக்கொண்டு பொறாமைப்படுவது அசிங்கம் என்று தெரிந்தது. தெரிந்து என்ன? அம்மா இருந்ததையெல்லாம் இவர்களுக்குப் பரிமாறிவிட்டுக் காலிப் பாத்திரத்தை அல்லவா வீட்டுக்குக் கொண்டுவந்திருக்கிறாள். அந்த வாயாடியை ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, தானும் கேட்டிருக்க வேண்டாமா?

"அப்படி என்னதான் பேசுவாங்க?" குரல் நினைத்ததைவிடச் சுருக்கென்று வந்தது.

மைனா விழித்தாள். "உன்னைப் பத்தித்தான். தினமும் உன் கதைதானேம்மா. நல்ல இடமாப் பார்த்து நிறுத்திட்டு, மிச்சம் நாளைக்குன்னு பையைத் தூக்கிடுவா."

அம்மா கடைசியாகச் சொன்னது ஒரு பம்பின் கதை. பம்பு ஆடவே இல்லை என்று சாதித்த மேனேஜர், அதை நிரூபிக்கத் தன் டிபன் பாக்ஸை எடுத்து அதன் மேல் வைத்தார். அம்மா அங்கே நிறுத்தினாள். மறுநாள் வரவில்லை.

"இப்பக் கேக்கறது தப்புதான்," என்றாள் மைனா. "அப்புறம் என்னம்மா ஆச்சு?"

கூடம் முழுக்கக் கைகள் நின்றன. இவர்களிடம் இல்லாத ஒன்று தன்னிடம் இருப்பது மகளுக்கு அப்போதுதான் உறைத்தது. சொல்லாமல் போய்விட்டால்? ஆயுசு முழுக்க யோசித்துக்கொண்டே மடிக்கட்டும்.

மைனா ஒரு விரிப்பின் இரண்டு முனைகளைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மறுபக்கம் மேஜையிலிருந்து சும்மா தொங்கியது. மகள் பையைக் கீழே வைத்துவிட்டு அதை எடுத்தாள்.

"அதிர்வுல டிபன் பாக்ஸ் நகர்ந்து, விளிம்புக்கு வந்து கீழ விழுந்துடுச்சு. அடியில போல்ட் தளர்ந்திருந்தது. முறுக்கினோம். சரியாயிடுச்சு."

யாரும் சிரிக்கவில்லை.

"நீ சொன்னா ரிப்போர்ட் மாதிரி இருக்கும்மா," என்றாள் மைனா. "உங்கம்மா எப்படிச் சொல்லியிருப்பா தெரியுமா?" இல்லாத மூக்குக்கண்ணாடியை ஒரு விரலால் மேலே தள்ளிவிட்டு, தாடையை உயர்த்தினாள். "'சார், உங்க சாப்பாடு கிளம்பிடுச்சு.' 'எங்கே கிளம்புது?' 'அளந்து பார்க்காம எதையும் சொல்ல மாட்டேன் சார்.'"

இஸ்திரி மெஷின்காரி மேஜையைப் பிடித்துக்கொண்டாள். மகள் தன் மூக்கின் மேலிருந்த கண்ணாடியைத் தொட்டுப் பார்த்தாள். அந்த வாக்கியம் அவளுடையது. அம்மாவின் ஒரு "ம்"முக்கு முன்னால் எப்போதோ வீட்டில் சொன்னது. சிரிப்பு வந்தது. கூடவே அழுகையும் வந்தது. பொறாமை மட்டும் இறங்கவில்லை. இவர்கள் இதைத் தினமும் கேட்டிருக்கிறார்கள்.

இருவரும் எதிரெதிரே நடந்தார்கள். முனைகள் சேரவில்லை, மகள் பக்கம் கோணல்.

"உதறிட்டு மறுபடி மடிக்கணும்," என்றாள் மைனா.

"சரிக்கா," என்றாள் மகள். "நீங்களும் மறுபடி சொல்லுங்க."