கிருத்திகையன்று கை நனைத்தேன்

இதை எழுதலாமா என்று வருஷக்கணக்காக யோசித்தேன். எட்டாம் வகுப்போடு நின்றவள் நான். சொந்தக்காரர்களைப் பற்றி எழுதினால் மனத்தாங்கல் வேறு வரும். ஆனால் நடந்தது ஒன்று, எங்கள் ஆரணியில் பேசிக்கொள்வது ஒன்று என்று ஆகிவிட்டதால், முருகனை நினைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

சென்னையில் வேலை பார்த்த என் மகள், ஒரு பையனைப் பிடித்திருக்கிறது என்றாள். "நீ சரின்னாதாம்மா. இல்லன்னா வேணாம்" என்றும் சொல்லிவிட்டாள். பையனுக்கு எங்கள் பக்கத்துப் பெரணமல்லூர்தான். அவன் வேலைதான் என்னை உறுத்தியது. சமையல்காரன். டொமினிகன் என்று எங்கோ கடல் நடுவில் ஒரு நாடாம். அந்த ஊர்ச் சமையலையும் நம் சமையலையும் கலந்து போடுகிற புதுமாதிரி ஓட்டலாம். எல்லாக் கறியும் வெட்டுகிற கை என் வீட்டு சாமி விளக்கைத் தொடுமா என்று நினைத்தால் எனக்குச் சோறு இறங்கவில்லை.

பையனைப் பார்க்க நானும் என் வீட்டுக்காரரும் அவருடைய அக்காவான அண்ணியும் போனோம். அவனுக்கு லீவு இல்லை என்று மகள் அந்த ஓட்டலுக்கே கூட்டிப்போனாள். அன்று கிருத்திகை, முருகனுக்கு ஒருவேளைச் சாப்பாட்டு விரதம். காலையிலிருந்து நான் பச்சைத் தண்ணீரோடு இருந்தேன். நம் பக்கத்தில் கல்யாணப் பேச்சு முடியாமல் மாப்பிள்ளை வீட்டில் கை நனைக்க மாட்டோம். சாப்பிட்டால் சம்மதம் என்றாகிவிடும். இந்த ஓட்டல் வீட்டோடு சேர்த்தியா, இல்லையா என்று மேஜையில் ஒரே வழக்கு.

"அவன் ஆக்கிப் போட்டா அவன் வூடுதான்" என்றார் அண்ணி.

"பசிக்குதுக்கா" என்றார் என் வீட்டுக்காரர்.

"அப்ப ஸ்பூன்ல துண்றா. கை நனையாது."

வெள்ளைக் கோட்டோடு வந்து நின்ற பையன் காதில் அது விழுந்துவிட்டது.

"நீங்க இங்க கஸ்டமருங்க, பெரிம்மா. பில்லு போட்டுதான் குடுப்பேன். சாப்ட்டுட்டு, புடிக்கலன்னா தாராளமா வேணாம்னுட்டுப் போலாம்" என்றான். பிறகு என் பக்கம் திரும்பினான். "உங்களுக்குப் புது ஏனத்துல தனியா பண்ணிகினு இருக்கேம்மா. இன்னிக்கு கிருத்திகையாச்சே. வெங்காயம், பூண்டு சேக்கல."

பச்சைத் துவரை போட்டுத் தேங்காய்ப் பாலில் வெந்த சோறு வந்தது. பக்கத்தில் வேகவைத்து மசித்த வாழைக்காய். அந்த நாட்டில் வாழைக்காய் மேல் வெங்காயம் வைப்பார்களாம். எனக்குக் கடுகும் கறிவேப்பிலையும் தாளித்துக் கொட்டியிருந்தான்.

என் மனசிலிருந்து ஏதோ இறங்கியது. ஒரு வாய்ச் சோற்றால் எங்களைக் கட்டிப்போட்டிருக்கலாம். அவன் கதவைத் திறந்துவிட்டான். என் விரதத்தைக் காப்பாற்றியதும் நான் பயந்த அதே கைதான்.

எழுந்து போய்க் கை கழுவி வந்து, ஸ்பூனைத் தள்ளிவைத்துவிட்டுப் பிசைந்து சாப்பிட்டேன்.

"அடிப்பாவி, கைய நனைச்சிட்டியே!"

"ஆமாங்க அண்ணி. தெரிஞ்சிதான் நனைச்சேன்."

மகள் அழுதுகொண்டே சிரித்தாள். அதுவரை அம்மா என்றவன், "இன்னும் கொஞ்சம் சோறு வெக்கட்டுமா, அத்த?" என்றான். சொன்னபடி பில்லும் வந்தது.

கிருத்திகையில் கறி போட்டு மயக்கிவிட்டான் என்று இன்னும் சிலர் சொல்கிறார்கள். அவன் போட்டது துவரைச் சோறும் வாழைக்காயும். இதை யாரிடமாவது சொன்னால் இப்படியே சொல்லுங்கள். என் மருமகன் மேல் பிரியப்பட்டுக்கூட ஒன்றும் சேர்க்க வேண்டாம்.