தம்பிதுரையின் தறிக்குடோன் பெரிதான கதை

கிருபாசங்கருக்குச் சினிமா எடுக்க வேண்டும். அதுவரைக்கும் கல்யாணம் எடுத்துக்கொண்டிருந்தார், அதாவது அடுத்தவர்களுடைய கல்யாணத்தை, வீடியோவில். சூலூரில் மாமனார் தம்பிதுரையின் வீட்டை ஒட்டித் தறிக்குடோன், குடோனின் பின்சுவரை ஒட்டி ஓர் அறை. ஒரு காலத்தில் நூல் மூட்டை போட்டு வைத்த அந்த அறைதான் அவருடைய ஸ்டூடியோ. ஒரு மேசை, ஒரு கம்ப்யூட்டர், எடுக்கப்போகும் படத்தின் காட்சிகளை வரைந்து சுவரெல்லாம் ஒட்டிய காகிதங்கள். கல்யாணமான நாளிலிருந்து அந்தச் சுவர்தான் அவருடைய சினிமா. உலகத்தில் அவருக்கென்று இருந்த இடமும் அது ஒன்றுதான்.

லென்ஸைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் மனுஷனை நிறுத்த முடியாது. பந்தியில் பக்கத்து இலைக்காரரையும் விடமாட்டார். "எண்பத்தஞ்சு எம்.எம். போட்டா மூஞ்சி கிட்ட வருமுங்க, பின்னாடி எல்லாம் கலங்கிப் போயிரும். பாக்கறவனுக்கு அந்த ஆள் மேல பாசம் வந்துருமுங்க. பதினாறு போட்டா எடம் விரியும். ஆனா ஆளு தள்ளிப் போயிருவான். பக்கத்துல நிக்கறவன் பக்கத்து ஊர்ல நிக்கற மாதிரி இருக்குமுங்க." பக்கத்து இலைக்காரர் ரசம் கேட்பார்.

தம்பிதுரையும் மருமகனைப் பெரிதாக மதித்தவர் இல்லை. "மாப்ள கேமரா வெச்சிருக்கறாருங்க" என்பார், சர்க்கரை வியாதி இருக்கிறது என்று சொல்கிற குரலில்.

அவரே ஒரு நாள், வெளியூர் வியாபாரிகளுக்கு அனுப்பக் குடோனை வீடியோ எடுத்துத் தரச் சொன்னார். கிருபாசங்கர் பதினாறைப் போட்டு, மூலையில் தரையோடு தரையாகப் படுத்து எடுத்தார். தறிகள் அடைசலாக நிற்கும் குடோன், விமானம் நிறுத்தும் கொட்டகையாக விரிந்தது. கீழேயிருந்து எடுத்ததில் மாமனாரும் கோபுரமாக நின்றார். நேரில் அவர் மருமகனின் தோளுக்குத்தான் இருப்பார். போதாக்குறைக்குப் பின்னணியில் வயலின்.

தம்பிதுரை பார்த்தார். மறுபடி பார்த்தார். கோயில் பூசாரிக்குக்கூடக் காட்டினார். தலை நரைத்த இந்த வயதுவரை அந்தக் குடோனுக்குள் தினமும் நடந்த மனுஷன்தான். ஆனால் நடந்தபோது யாரும் வயலின் வாசிக்கவில்லையே. "எம் மாப்ள டைரக்டருங்க" என்று அவர் பால் சொசைட்டியில் சொன்னது காதுக்கு வந்த அன்று, கிருபாசங்கர் கூடுதலாக இரண்டு தோசை சாப்பிட்டார்.

தறி விற்கும் சீனிவாசலு அந்த வீடியோவைப் போனிலேயே பார்த்து முடித்தார். "பின்னாடி இத்தன எடம் சும்மா கெடக்குதுங்களே, நாலு ஆட்டோ லூம் தாராளமா நிக்குமுங்க." விற்கிறவர் கண்ணுக்கு இடம் எப்போதும் தாராளமாகத்தான் தெரியும்.

கிருபாசங்கரின் மனைவி கீதா பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். "ஏனுங்க, அது லென்சு பண்ற வேலைன்னு அப்பாகிட்டச் சொல்லிப்போடுங்க" என்றாள்.

"இப்பத்தான் அம்மணி அவரு என்னைய ஒரு ஆளா நெனைக்கறாரு."

"எடம் பத்தலீன்னா அடுத்து அவரு கண்ணு எங்க போகும்னு நெனைக்கறீங்க?"

மறுநாள் கிருபாசங்கர் தைரியத்தை வரவழைத்துக்கொண்டு கேட்டார். "மாமா, ஒருக்கா டேப் புடிச்சு அளந்து பாத்துக்கலாமுங்களா?"

"எதுக்குங்க மாப்ள? அதுதான் வீடியோவுல பளிச்சுன்னு தெரியுதுங்களே. நீங்க எடுத்ததையே நீங்க நம்பலீன்னா எப்படிங்க?"

டைரக்டர் என்று வாங்கிய பெயரைக் காப்பாற்ற வேண்டுமே. தலையாட்டினார்.

நாலு தறியோடு லாரி வந்தது. இரண்டு தறி மூச்சுப் பிடித்து உள்ளே போயின. மற்ற இரண்டும் வாசலில் தார்ப்பாயைப் போர்த்திக்கொண்டு நின்றன. தம்பிதுரை உள்ளே போய்ப் பின்சுவரை முறைத்தார். அவருக்கு வீடியோ மேல் சந்தேகமே வரவில்லை, குடோன் மேல்தான் கோபம் வந்தது. "வீடியோவுல இருக்கற அளவுக்கு இழுத்துக் கட்டிப்போடலாமுங்க" என்று மேஸ்திரியைக் கூப்பிட்டார். இழுப்பதற்கு இருந்தது ஒரே திசை. அங்கேதான் ஸ்டூடியோ இருந்தது.

'இப்பவாவது சொல்லுங்க' என்று கீதா கண்ணாலேயே கெஞ்சினாள். கிருபாசங்கர் வாயைத் திறந்தார்.

"செவுரு இடிக்கறதையும் ஒரு வீடியோ எடுத்துப்போடுங்க டைரக்டரே" என்றார் மாமனார்.

திறந்த வாய் சிரித்துவிட்டு மூடிக்கொண்டது. எடுத்தும் கொடுத்தார்.

இப்போது கம்ப்யூட்டர் படுக்கையறையில், கட்டிலுக்கும் பீரோவுக்கும் நடுவே இருக்கிறது. சுவரில் ஒட்டியிருந்த அவருடைய சினிமா சுருண்டு கட்டிலுக்கு அடியில் கிடக்கிறது. ஸ்டூடியோ சாமான் இங்கே வந்து சேர்ந்த அன்று அவருக்கு யார் மேலாவது எரிந்து விழ வேண்டும் போலிருந்தது. திட்டலாம் என்றால் தன்னைத் தவிர வேறு ஆள் அகப்படவில்லை. கீதா கட்டில் ஓரத்தில் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள்.

"கால் நீட்டக்கூட எடமில்ல" என்றார்.

"அந்தப் பதினாறப் போட்டுப் பாருங்க. தாராளமா இருக்குமுங்க."

வேறென்ன செய்வதென்று தெரியாமல் கேமராவை எடுத்துக் கண்ணில் வைத்தார். தாராளமாகத்தான் இருந்தது. சுவர்கள் விலகி, அறை மண்டபமாக விரிந்தது. கை நீட்டினால் தொடும் தூரத்தில் உட்கார்ந்திருந்த கீதா, எங்கேயோ கடைசியில், சுண்டு விரல் அளவுக்கு இருந்தாள்.

அவசரமாக எண்பத்தஞ்சைத் தேடினார். அது எந்தப் பெட்டிக்குள் போனதோ, கிடைக்கவில்லை.