வெங்காயம் உரித்த சின்னம்மா

வலிப்புக்குக் கொடுத்த மாத்திரை ஒத்துக்கொள்ளாமல், உடம்பெல்லாம் கொப்பளித்துத் தோல் உரிந்து, பிழைத்து வந்தவர் சின்னம்மா. என் அப்பாவுடைய தம்பியின் மனைவி. தோல் ஆறித் தழும்பாகிவிட்டது. கண்தான் பழையபடி ஆகவில்லை. கண்ணீர் சுரப்பதே நின்றுபோனது. அடிக்கடி சொட்டு மருந்து, வெளியே கிளம்பினால் கறுப்புக் கண்ணாடி, உள்பக்கமாக வளைந்து விழியை உரசும் இமை முடிகளை எடுக்கத் தருமபுரிக்குப் பயணம். பஸ்ஸில் சித்தப்பாவை ஜன்னலோரம் உட்காரவைத்துவிடுவார். காற்றுக்கு அவர்தான் தடுப்பு.

நான் பள்ளியில் படித்துக்கொண்டிருந்த ஒரு வருடம், எங்கள் ஊர் இண்டூரில் பங்காளி வீட்டில் கெடா வெட்டு. விருந்துக்கு முந்தின நாள் மாலை பெண்களெல்லாம் பந்தலில் கூடிச் சின்ன வெங்காயம் உரிப்பார்கள். ஊர்க்கதை முழுவதும் அங்கேதான் அலசப்படும். வீட்டுக்கு வீடு வந்து கூப்பிட்டவர்கள் சின்னம்மாவை மட்டும் விட்டுவிட்டார்கள். தழும்பு ஒட்டிக்கொள்ளுமோ என்று பயம். அவரோ கண்ணாடியை மாட்டிக்கொண்டு, என்னையும் இழுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

"ஒனக்கு எதுக்கும்மா செரமம்? அப்படி ஓரமா குந்து" என்றார் அந்த வீட்டுப் பெரியம்மா.

"கூடைய இப்படித் தள்ளுங்கக்கா. உங்களுக்கெல்லாம் மூக்கு ஒழுவுது. எனக்கு அழுவணும்னாகூட வழியில்லீங்க."

பந்தலே சிரித்தது. கூடை நகர்ந்து வந்தது. சற்று நேரத்தில் மற்றவர்கள் முந்தானையால் முகம் துடைக்க, சின்னம்மாவின் கை நிற்கவே இல்லை. நான் பிள்ளைகளைத் திரட்டி, "எங்க சின்னம்மா கண்ணுல ஒரு சொட்டு வராது, என்ன பெட்டு?" என்றேன். நம்பாத ஒருவன் அவர் முகத்தருகே குனிந்து கண்ணாடிக்குள் எட்டிப் பார்த்தான். அழுதுகொண்டே திரும்பியது அவன்தான். எனக்கு ஒரு கமர்கட் லாபம்.

"இவள மொதல்லயே கூப்பிட்டிருக்கலாம்டி!" என்று பெரியம்மா அடுத்த கூடையையும் தள்ளினார்.

அதன்பிறகு காதுகுத்தோ கல்யாணமோ, முதல் அழைப்பு சின்னம்மாவுக்கு. அவருக்கு ஏதோ வரம் கிடைத்திருப்பதாகவே நான் பள்ளிக்கூடத்தில் பீற்றிக்கொண்டேன்.

வளர்ந்தபின் ஒருமுறை அவருக்குத் துணையாகக் கண் ஆஸ்பத்திரிக்குப் போனேன். வெங்காயக் கதையைக் கேட்டு டாக்டர் திட்டித் தீர்த்தார். காரத்தைக் கழுவிவிடத்தான் கண்ணீர் வருகிறதாம். அது வராத கண்ணில் எரிச்சல் அப்படியே தங்குமாம். அன்று பந்தலில் இருந்தவர்களில் அதிகம் எரிந்தது இவருக்குத்தான்.

வெளியே வந்ததும், "நெசமாவா சின்னம்மா?" என்றேன்.

"எரியாம? உசுரு போச்சு" என்று சிரித்தார். "ஆனா, கூடையத் தள்ளுனாங்க பாத்தியா!"